மக்கள் பாடகர் வூடி கத்ரி



நாட்டார் பாடல் என்றதும் யார் இயற்றினார் என்று தெரியாத பழைய பாடல்களே உங்கள் நினைவுக்கு வரும். தாலாட்டும் ஒப்பாரியும் தொழிற்பாடலும் வாய்மொழியாக வந்தவை. அவற்றின் ஆசிரியர் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நாட்டார் இசை மரபுக்குள் நின்றுகொண்டே, தம் பெயரோடு புதிய பாடல்களை ஆக்கிப் பாடியவர்களும் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுள் இருபதாம் நூற்றாண்டில் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வூடி கத்ரி ஆவார்.

இவரது வாழ்க்கையைப் படிக்கும்போது இரண்டு வினாக்களை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ஒன்று, செய்தித்தாளும் வரலாற்று நூலும் விட்டுவிட்ட மனிதரை ஒரு பாடல் எவ்வாறு பதிவு செய்கிறது? மற்றொன்று, அப்பாடலே புகழ் பெற்ற பின் அதிலிருந்து எவை விட்டுவிடப்படுகின்றன? இவ்விரு வினாக்களுக்கும் கத்ரியின் வாழ்க்கை நல்ல விடைகளைத் தருகிறது.

1. பிறப்பும் இளமையும்

வூடி கத்ரி 1912 ஆம் ஆண்டு யூலை மாதம் 14 ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தின் ஒக்கீமா என்னும் சிறு நகரில் பிறந்தார். அவரது முழுப்பெயர் வூட்ரோ வில்சன் கத்ரி என்பதாகும். அவ்வாண்டு சனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு வெற்றி பெற்ற வூட்ரோ வில்சனின் பெயரையே பெற்றோர் சூட்டினர். தந்தையார் சார்லி கத்ரி நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்தவர். உள்ளூர் அரசியலிலும் ஈடுபட்டவர். தாயார் நோரா பழைய கதைப்பாடல்களைப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவார். பாடசாலையில் இசை கற்குமுன்னரே தாயின் குரலில் கத்ரி அம்மரபைப் பெற்றுக்கொண்டார்.

ஓரளவு வசதியாக இருந்த அக்குடும்பத்தை அடுத்தடுத்துத் துன்பங்கள் சூழ்ந்தன. 1919 இல் மூத்த சகோதரி கிளாரா தீக்காயங்களால் இறந்தார். தந்தையின் தொழில் நொடிந்தது. தாயாரின் நடத்தையில் விளங்கிக்கொள்ள முடியாத மாற்றங்கள் தோன்றின. கை கால்கள் கட்டுப்பாடின்றி அசைந்தன. காரணமின்றிக் கோபம் வந்தது. ஊரார் அவரைப் பைத்தியம் என்றே எண்ணினர். 1927 இல் தந்தையாரும் கடுமையான தீக்காயங்களுக்கு உள்ளானார். தாயார் மனநல வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, 1930 இல் அங்கேயே காலமானார். அவருக்கு இருந்தது ஹன்டிங்டன் நோய் எனப்படும் பரம்பரை நோயாகும். இதனை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இது மீண்டும் வரும்.

பதினைந்து வயதளவில் கத்ரி ஏறத்தாழத் தனித்து விடப்பட்டார். நண்பர் வீடுகளில் தங்கினார். கிடைத்த சிறு வேலைகளைச் செய்தார். மவுத் ஓகன் வாசித்துச் சில்லறைக் காசு சேர்த்தார். உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை அவர் முடிக்கவில்லை. எனினும் 1929 இல் தந்தை வாழ்ந்த டெக்சாஸ் மாநிலத்தின் பாம்பா நகருக்குச் சென்றபின், அங்கிருந்த பொது நூலகத்தில் கைக்கெட்டிய நூல்களையெல்லாம் வாசித்தார். சிறிய தந்தையாரிடம் கிற்றார் கற்றார். விளம்பரப் பலகைகளில் எழுத்து எழுதுவது அவருக்குச் சோறு போட்ட தொழிலாயிற்று. 1933 இல் மேரி ஜெனிங்ஸ் என்பவரை மணந்தார்.

2. புழுதிப் புயலும் இடப்பெயர்வும்

1929 இல் தொடங்கிய உலகப் பெரும் பொருளாதார மந்தத்தை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியை இன்னோர் இடரும் தாக்கியது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் கோதுமையின் விலை உயர்ந்தது. அதனால் பல்லாண்டுகளாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளிகள் உழுது புரட்டப்பட்டன. 1931 முதல் மழை பொய்த்தது. பயிர் கருகியது. பிடிமானம் இழந்த மேல்மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிக்கோ ஆகிய மாநிலங்களின் பெரும் பரப்பு புழுதிக் கிண்ணம் என அழைக்கப்பட்டது.

1935 ஏப்பிரல் 14 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிகக் கடுமையான புழுதிப் புயல் பாம்பா நகரைத் தாக்கியது. பட்டப்பகல் இருளாகியது. அறைக்குள் ஏற்றிய மின்விளக்கின் ஒளியும் மங்கியது. உலகம் முடியப் போகிறது என்று பலர் அஞ்சினர். அந்த அனுபவத்திலிருந்தே ஊரை விட்டுப் பிரியும் மக்களைப் பற்றிய அவரது முதற் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்று தோன்றியது. பேரழிவைப் பாட வந்தவர் அழுகைக் குரலில் பாடவில்லை; விடைபெறும் அயலவரின் நகைச்சுவையோடு பாடினார். துன்பத்தையும் சிரிப்பையும் ஒரே பாடலில் வைப்பது அவரது தனிப் பண்பாயிற்று.

நிலத்தை இழந்தோர் கலிபோர்னியாவில் பழத்தோட்ட வேலை கிடைக்கும் என்று நம்பி மேற்கு நோக்கிச் சென்றனர். கத்ரியும் சென்றார். கைகாட்டி வாகனங்களில் ஏறியும், சரக்குப் புகையிரதங்களில் ஒளிந்தும், உணவுக்காகப் படம் வரைந்தும் பாடியும் அவர் பயணம் செய்தார். மனைவியும் பிள்ளைகளும் பின்னரே வந்து சேர்ந்தனர்.

கலிபோர்னியா அம்மக்களை வரவேற்கவில்லை. 1936 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார் மாநிலத்தின் எல்லைகளுக்கே அனுப்பப்பட்டு, கையில் பணமில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினர். சொந்த நாட்டுக்குள்ளேயே மக்கள் எல்லையில் தடுக்கப்பட்டனர் என்பதை அவதானியுங்கள். இதனை வைத்துக் கத்ரி ஆக்கிய 'டோ ரே மி' என்னும் பாடல் ஒரு சொல் விளையாட்டு ஆகும். டோ, ரே, மி என்பவை மேலைத்தேய இசையின் சுரப் பெயர்கள். பேச்சுவழக்கில் பணத்தையும் குறிப்பவை. அந்த இரட்டைப் பொருளே பாடலின் உயிர்.

3. லொஸ் ஏஞ்சல்ஸ் வானொலி

1937 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு வானொலி நிலையத்தில் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. மக்சின் கிறிஸ்மன் என்னும் பெண் பாடகரோடு சேர்ந்து பழைய கிராமியப் பாடல்களைப் பாடினார். இடையிடையே ஊர்ப் பேச்சில் கதைகளும் சொன்னார். முகாம்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்த ஒக்லஹோமா மக்கள் தமது ஊரின் குரலை வானொலியில் கேட்டனர். கடிதங்கள் குவிந்தன.

அக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவரது குணத்தை விளக்கும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் அமைந்த பழைய பாடல் ஒன்றை அவர் வானொலியில் வழங்கினார். அதனைக் கேட்ட கறுப்பின நேயர் ஒருவர் வருந்திக் கடிதம் எழுதினார். கத்ரி வானொலியிலேயே மன்னிப்புக் கேட்டு, அச்சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை என அறிவித்தார். தாம் வளர்ந்த சூழலின் இனப் பாகுபாட்டை அவர் இவ்வாறு படிப்படியாகக் களைந்தார். பிற்காலத்தில், தாம் பிறப்பதற்கு முந்திய ஆண்டில் ஒக்கீமாவுக்கு அருகே கறுப்பினத் தாயும் மகனும் கும்பலால் தூக்கிலிடப்பட்ட கொடுமையைப் பற்றியும் பாடல் எழுதினார்.

புலம்பெயர்ந்த தொழிலாளரின் முகாம்களுக்குச் சென்று அவர்களது நிலையை நேரிற் கண்ட பின் அவரது பாடல்களில் அரசியற் கூர்மை கூடியது. தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். 1939 இல் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த பத்திரிகை ஒன்றில் தினப் பத்தி எழுதத் தொடங்கினார்.

4. நியூயோர்க்கும் புகழ்பெற்ற பாடலும்

1940 இன் தொடக்கத்தில் கத்ரி நியூயோர்க் நகரை அடைந்தார். அப்போது ஏர்விங் பேர்லின் இயற்றிய 'கோட் பிளெஸ் அமெரிக்கா' என்னும் நாட்டு வாழ்த்துப் பாடல் வானொலிகளில் ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தது. நாடு முழுவதும் வேலையில்லாதோர் அலைந்துகொண்டிருந்த வேளையில் அந்தப் பாடலின் மனநிறைவு கத்ரிக்கு எரிச்சலூட்டியது. அதற்கு மறுமொழியாக 1940 பெப்ரவரி 23 ஆம் திகதி, மலிவான விடுதி அறை ஒன்றில் இருந்து ஒரு பாடலை எழுதினார். அதுவே பின்னர் 'திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்' எனப் பெயர் பெற்றது. நாடு அதில் வாழும் எல்லோருக்கும் உரியது என்பதே அதன் கருத்தாகும்.

இப்பாடலில் தொடக்கத்தில் ஆறு பகுதிகள் இருந்தன. சில பகுதிகள் நாட்டின் மலை, காடு, பாலை, சாலை ஆகியவற்றின் அழகைப் பாடுகின்றன. ஆனால் ஒரு பகுதி, தனியார் உடைமை என எழுதி வழியை மறித்து நிற்கும் தடுப்பைக் காட்டுகிறது. வேறொரு பகுதி, நிவாரண அலுவலகத்தின் முன் பசியோடு நிற்கும் மக்களைக் காட்டி, இந்த நாடு உண்மையில் இவர்களுக்கும் உரியதுதானா என்று ஐயுறுகிறது. அழகைப் பாடும் பகுதிகள் ஒரு வாழ்த்துப் போல அமைய, மற்றைய இரண்டும் அந்த வாழ்த்தை வினாவாக மாற்றுகின்றன.

பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். 1950களில் இப்பாடல் பாடசாலைப் பாட்டு நூல்களில் இடம்பெற்றது. பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்தனர். நூல்களில் பெரும்பாலும் அழகைப் பாடும் பகுதிகளே அச்சாகின. தடுப்பும் இல்லை, பசித்த வரிசையும் இல்லை. கேள்வி கேட்ட பாடல் வெறும் நாட்டுப் புகழ்ச்சியாக மாறிவிட்டது. சேர்த்து எழுதிய பொய் எதுவும் அதில் இல்லை. சில பகுதிகளை நீக்கியதாலேயே பொருள் மாறியது. தனியார் உடைமை பற்றிய பகுதியை 1944 இல் கத்ரி தாமே பாடிய ஓர் ஒலிப்பதிவு 1990களிலேயே ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

5. இசைத்தட்டுகளும் கொலம்பியா ஆறும்

1940 மார்ச் மாதம் புலம்பெயர்ந்த தொழிலாளருக்கு உதவும் இசை நிகழ்ச்சி ஒன்றில் கத்ரி பாடினார். அங்கே நாட்டார் பாடல் சேகரிப்பாளர் அலன் லோமக்ஸ் அவரைக் கண்டார். லோமக்ஸ் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பல மணி நேரம் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்தார். அதே ஆண்டில் 'டஸ்ட் போல் பலட்ஸ்' என்னும் இசைத்தட்டுத் தொகுதி வெளிவந்தது. ஜோன் ஸ்ரைன்பெக் 1939 இல் எழுதிய 'த கிரேப்ஸ் ஒவ் ராத்' நாவலின் கதையைச் சுருக்கிப் பாடிய 'டொம் ஜோட்' என்னும் நீண்ட கதைப்பாடலும் இதில் அடங்கும். நாவலை வாங்கப் பணமில்லாதவர்களும் அக்கதையை அறியவேண்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் புகையிலை நிறுவனம் ஒன்றின் அனுசரணையுடனான வானொலி நிகழ்ச்சியில் நல்ல சம்பளம் கிடைத்தது. ஆயினும் எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாது எனப் பிறர் தீர்மானிப்பதை அவர் ஏற்கவில்லை. சில வாரங்களிலேயே அவ்வேலையை விட்டு விலகினார்.

1941 மே மாதம் பொனவில் மின்வலு நிர்வாகம் என்னும் அரச நிறுவனம் அவரை ஒரு மாதத்துக்கு வேலைக்கு அமர்த்தியது. கொலம்பியா ஆற்றில் கட்டப்பட்ட அணைக்கட்டுகளையும் நீர்மின் திட்டத்தையும் மக்களுக்கு விளக்கும் பாடல்களை எழுதுவதே பணி. 266.66 டொலர் சம்பளத்துக்கு அந்த ஒரு மாதத்தில் 26 பாடல்களை எழுதினார். அவற்றுள் 'ரோல் ஒன் கொலம்பியா' 1987 இல் வாஷிங்டன் மாநிலத்தின் உத்தியோகபூர்வ நாட்டார் பாடலாக ஏற்கப்பட்டது. வறண்ட நிலத்துக்கு நீரும் ஏழை வீட்டுக்கு மின்சாரமும் வரும் என்பதை, புழுதியில் ஊரை இழந்த அவர் உளமார நம்பினார். ஆனால் கிராண்ட் கூலி அணையால் பூர்வீகக் குடிகளின் பழைமையான மீன்பிடித் தலங்கள் நீரில் மூழ்கின. சமன் மீன்கள் ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்லும் வழி அடைபட்டது. மறக்கப்பட்டோரைப் பாடிய கத்ரியின் அணைக்கட்டுப் பாடல்கள் இந்த இழப்பைப் பாடவில்லை. ஒரு கலைஞரை மதிப்பிடும்போது அவர் பாடியவற்றோடு பாடாமல் விட்டவற்றையும் நோக்குதல் வேண்டும்.

6. போர்க்காலம்

1941 இல் பீற் சீகர், லீ ஹேஸ், மில்லார்ட் லம்பெல் ஆகியோர் அமைத்த அல்மனாக் பாடகர் குழுவில் கத்ரி இணைந்தார். அக்குழு முதலில் அமெரிக்கா போரில் இறங்கக் கூடாது என்று பாடியது. அவ்வாண்டு யூன் மாதம் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும், நிலையை மாற்றிப் பாசிச எதிர்ப்புப் போரை ஆதரித்துப் பாடியது. அன்றே இம்மாற்றம் கண்டனத்துக்கு உள்ளானது. கத்ரியின் கிற்றாரில் அது பாசிசவாதிகளைக் கொல்லும் கருவி என்ற கருத்தில் எழுதப்பட்டிருந்த வாசகம் பெரும் புகழ் பெற்றது.

1943 இல் அவரது தன்வரலாற்று நூலான 'பவுண்ட் ஃபோர் குளோரி' வெளிவந்தது. அதே ஆண்டில் நண்பர் சிஸ்கோ ஹியூஸ்டனோடு வணிகக் கப்பற்படையில் சேர்ந்து, மூன்று கடற்பயணங்களில் பணியாற்றினார். எதிரியின் தாக்குதலுக்கு உள்ளான கப்பல்களிலும் அவர் இருந்தார். பயணங்களுக்கிடையில், 1944 இல், மோசஸ் ஆஷ் என்னும் ஒலிப்பதிவாளரிடம் சென்று ஏராளமான பாடல்களைப் பதிவு செய்தார். இன்று நாம் கேட்கும் கத்ரியின் குரல் பெரிதும் இப்பதிவுகளிலேயே உள்ளது.

7. பெயரில்லாத இருபத்தெட்டுப் பேர்

1948 சனவரி 28 ஆம் திகதி கலிபோர்னியாவின் லொஸ் கற்றோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 32 பேரும் இறந்தனர். அவர்களுள் 28 பேர் மெக்சிக்கோ நாட்டுப் பண்ணைத் தொழிலாளர். அமெரிக்கத் தோட்டங்களில் பழம் பறித்தபின் அவர்கள் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக் கொண்டிருந்தனர். நாடெங்கும் பரவிய செய்திகளில் விமானப் பணியாளர் மூவரதும் காவலுக்குச் சென்ற குடிவரவு அதிகாரியினதும் பெயர்கள் இருந்தன. மற்றவர்கள் நாடு கடத்தப்பட்டோர் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். அவர்கள் ஒரே புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டனர்; அங்கும் பெயர்கள் பொறிக்கப்படவில்லை.

இதனை அறிந்து மனம் கொதித்த கத்ரி 'டிபோர்ட்டீ' எனப்படும் பாடலை எழுதினார். செய்தி தராத பெயர்களை அவரும் அறியார். எனவே மெக்சிக்கோவில் வழங்கும் சாதாரணப் பெயர்கள் சிலவற்றைச் சொல்லி, நண்பர்களிடம் விடைபெறுவது போலப் பாடலை அமைத்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னரே மார்ட்டின் ஹொவ்மன் என்பவர் அதற்கு மெட்டமைத்தார். பீற் சீகர் முதலியோர் பாடி அதனைப் பரப்பினர். அப்பாடல் ஒலித்துக்கொண்டே இருந்ததால் அந்த இறப்புகள் மறக்கப்படவில்லை. இறுதியில் 2013 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பிரெஸ்னோ நகரின் அந்த மயானத்தில், 28 பேரின் பெயர்களும் பொறித்த நினைவுக்கல் திறந்து வைக்கப்பட்டது. விபத்து நடந்து 65 ஆண்டுகள் கடந்திருந்தன. பாடல் எழுதியவரும் இறந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பாடலால் என்ன செய்ய முடியும் என்று யாரேனும் கேட்டால் இந்த நினைவுக்கல்லை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

8. நோயும் இறுதிக் காலமும்

1945 இல் கத்ரி நடனக் கலைஞர் மார்ஜரி மாசியாவை இரண்டாவதாக மணந்தார். நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் பகுதியில் அவர்கள் வாழ்ந்தனர். மகள் கத்திக்காகச் சிறுவர் பாடல்கள் பல எழுதினார். பிள்ளைகள் பேசும் சொற்களையே எடுத்து, அவர்கள் விளையாடும் தாளத்திலேயே அவை அமைந்தன. 1947 இல் நான்கு வயதேயான கத்தி வீட்டில் ஏற்பட்ட தீயினால் இறந்தாள். சகோதரி, தந்தை, மகள் என மூவரையும் தீ தாக்கிய குடும்பம் அது.

1940களின் இறுதியில் கத்ரியின் நடத்தை மாறத் தொடங்கியது. நடை தடுமாறியது, கோபம் அடங்கவில்லை. மதுப்பழக்கமே காரணம் எனப் பலர் கருதினர். 1952 இல் ஹன்டிங்டன் நோய் எனக் கண்டறியப்பட்டது. தாயாரைக் கொன்ற அதே நோய். இது மூளையின் நரம்புக் கலங்களைப் படிப்படியாகச் சிதைக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான நிகழ்தகவு 50 சதவீதமாகும். தீக்காயத்தால் கையும் பாதிக்கப்பட்டதால் கிற்றார் வாசிப்பதும் இயலாமற் போயிற்று.

வாழ்நாளின் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் பெரும்பாலும் வைத்தியசாலைகளிலேயே இருந்தார். 1956 மார்ச் மாதம் அவரது பிள்ளைகளுக்கு உதவுவதற்காக நியூயோர்க்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. முடிவில் மண்டபம் முழுவதும் எழுந்து அவரது நிலப் பாடலைப் பாட, பாட முடியாத நிலையில் இருந்த கத்ரி மேல்மாடத்திலிருந்து அதனைக் கேட்டார். பாடல் பாடகரை விட்டுப் பிரிந்து மக்களிடம் சேர்ந்துவிட்டது. 1967 ஒக்டோபர் 3 ஆம் திகதி தமது 55 ஆவது வயதில் அவர் காலமானார்.

அவரைப் பிரிந்த பின்னும் இறுதிவரை பராமரித்த மார்ஜரி, அதே ஆண்டில் இந்நோய்க்கு எதிரான அமைப்பொன்றைத் தொடங்கினார். ஆய்வாளர்களையும் நோயாளர் குடும்பங்களையும் அது ஒன்றிணைத்தது. நோய்க்குக் காரணமான பரம்பரையலகு 1993 இல் கண்டறியப்பட்டது. நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

9. பாடல் ஆக்கும் முறை

கத்ரி ஏறத்தாழ 3,000 பாடல்களுக்கான சொற்களை எழுதினார். அவற்றிற் பலவற்றுக்கு மெட்டு எழுதப்படவேயில்லை. அவரது முறையைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) பழைய மெட்டு, புதிய சொல்: மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டைச் சிறிது மாற்றி எடுத்துக்கொள்வார். நிலப் பாடலின் மெட்டு கார்ட்டர் குடும்பத்தினர் பாடிய பழைய பாடல் ஒன்றைத் தழுவியது. மெட்டுத் தெரிந்திருந்தால் கேட்போர் சொல்லைக் கவனிப்பர். முதன்முறையிலேயே சேர்ந்தும் பாடுவர்.

(ஆ) எளிய பேச்சுமொழி: ஒக்லஹோமாப் பேச்சுவழக்கை மறைக்காமல் கையாண்டார்.

(இ) குறிப்பான செய்தி: வறுமை என்று பொதுவாகப் பாடாமல், இன்ன இடம், இன்ன வேலை, இன்ன மனிதர் எனப் பாடினார்.

(ஈ) நகைச்சுவை: துன்பத்தை எடுத்துரைக்கும்போதும் கேட்போரின் தன்மானம் குறையாதவாறு பாடினார்.

10. செல்வாக்கு

1961 சனவரியில், பத்தொன்பது வயது இளைஞரான பொப் டிலான் நியூயோர்க் வந்து, வைத்தியசாலையில் இருந்த கத்ரியைத் தேடிச் சென்று அவரது பாடல்களையே அவருக்குப் பாடிக் காட்டினார். 1962 இல் வெளிவந்த தமது முதல் இசைத்தட்டில் கத்ரியைப் பற்றிய பாடலொன்றைச் சேர்த்தார். டிலானுக்கு 2016 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பீற் சீகர், மகன் ஆர்லோ கத்ரி, புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் முதலியோரும் அவரது வழியில் பாடினர். 1998 இல் இங்கிலாந்துப் பாடகர் பில்லி பிராக்கும் வில்கோ குழுவினரும் மெட்டில்லாது கிடந்த கத்ரியின் பாடல்களுக்கு இசையமைத்து வெளியிட்டனர். ஒக்லஹோமாவின் டல்சா நகரில் 2013 இல் அவர் பெயரிலான நிலையம் திறக்கப்பட்டது. அவரது கையெழுத்துப் படிகள் அங்கே பேணப்படுகின்றன.

நிலப் பாடலின் கதையும் தொடர்ந்தது. 2009 சனவரி 18 ஆம் திகதி, பராக் ஒபாமா சனாதிபதியாகப் பதவியேற்பதற்கு இரு நாட்களுக்கு முன், வாஷிங்டன் லிங்கன் நினைவகத்தின் முன் பெரும் மக்கள் கூட்டத்தில் பீற் சீகரும் ஸ்பிரிங்ஸ்ரீனும் அப்பாடலைப் பாடினர். பாடநூல்கள் விட்டுவிட்ட இரு பகுதிகளையும் சேர்த்தே பாடினர். அப்போது சீகரின் வயது 89. அதே வேளை, அந்த நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை அப்பாடல் சொல்லவில்லை எனப் பூர்வீகக் குடிகள் சுட்டிக்காட்டுவதும் நியாயமானதே. கேள்வி கேட்கக் கற்பித்த பாடலிடமே கேள்வி கேட்கப்படுகிறது.

11. மதிப்பீடு

கத்ரி குறையற்றவர் அல்லர். மூன்று முறை மணந்தார். எட்டுப் பிள்ளைகளின் தந்தை. குடும்பத்தைத் தவிக்கவிட்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றினார். முதல் மனைவி மேரி பெரும்பாலும் தனியாகவே பிள்ளைகளை வளர்த்தார். அரசியலில் அவர் எடுத்த சில நிலைப்பாடுகளும் கேள்விக்குரியவை. ஆயினும் புழுதியில் ஊரை இழந்தோர், எல்லையில் தடுக்கப்பட்டோர், பெயரின்றிப் புதைக்கப்பட்டோர் ஆகியோருக்கு அவர் பாடலில் இடமளித்தார். அவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டாமல், நாட்டின் உரிமையாளராகவே பாடினார். இதுவே அவரது தனிச்சிறப்பு.

நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்

1912 – ஒக்கீமாவில் பிறப்பு
1935 – பாம்பாவில் பெரும் புழுதிப் புயல்
1937 – லொஸ் ஏஞ்சல்ஸ் வானொலி
1940 – நிலப் பாடல். முதல் இசைத்தட்டுத் தொகுதி
1941 – கொலம்பியா ஆற்றுப் பாடல்கள்
1943 – தன்வரலாற்று நூல்
1948 – விமான விபத்துப் பாடல்
1952 – நோய் கண்டறியப்படல்
1967 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. புழுதிக் கிண்ணம் உருவானதற்கான இயற்கைக் காரணம் ஒன்றையும் மனித நடவடிக்கை ஒன்றையும் குறிப்பிடுக.

2. வூடி கத்ரி பழைய மெட்டுகளைப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட நன்மைகள் இரண்டைத் தருக.

3. ஒரு பாடலின் சில பகுதிகளை நீக்குவதால் அதன் பொருள் மாறக்கூடும் என்பதைத் தகுந்த உதாரணத்துடன் விளக்குக.

4. பெயர் சொல்லப்படாத மனிதரைப் பதிவு செய்வதில் பாடலுக்கு உள்ள ஆற்றலை, 1948 ஆம் ஆண்டு நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு ஆராய்க.

விடை எழுதுவோர் கவனத்துக்கு: மூன்றாம், நான்காம் வினாக்களுக்குக் கத்ரியைப் புகழ்ந்து எழுதுவது மட்டும் போதாது. எது சொல்லப்பட்டது, எது விடப்பட்டது, அதனால் யார் மறைந்தனர் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். உங்கள் பாடநூலில் உள்ள எந்தப் பாடலைப் படிக்கும்போதும் இதே ஒழுங்கில் சிந்திக்கப் பழகுங்கள். அது பரீட்சைக்கு அப்பாலும் உங்களுக்கு உதவும்.